வளவு (நடுமுற்றம்) வைத்த வீட்டுக்குச் சாமான்: அசல் பழசா, பழைய மரத்தில் புதுசா?

பள்ளத்தூரில் ஐயா கட்டிய வீட்டைச் சரிசெய்து குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. பங்கு பிரித்தபோதே சாமான்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டதால் முற்றத்தைச் சுற்றியுள்ள பத்தி முழுக்க வெறிச்சென்று கிடந்தது. மூன்று விதமாகவும் வாங்கினேன்: ஊர் மாறிப் போகிறவர்கள் விற்ற பிளைவுட் அல்லது துகள்பலகைச் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) சாமான்; பழைய கதவையும் உத்தரத்தையும் அறுத்துப் புதிதாகச் செய்தது; பழம்பொருள் கடைகள் உள்ள காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் எடுத்த அசல் பழசு.

விலையும் அழகும் பார்த்தாலே தெரியும். துகள்பலகை அலமாரி, வளவுச் சாரலுக்கு ஒரே ஐப்பசியில் அடியில் உப்பி, கீல் கழன்று விழுந்தது. மறுபடி திருகு பிடிக்கவில்லை. மாடி அறையில் இருக்கிற இன்னொன்று நன்றாகவே இருக்கிறது.

மற்ற இரண்டுக்கும் நடுவே முடிவு செய்தது ஒரே விஷயம்: கெட்டுப்போனால் சரிசெய்ய முடியுமா?

கதவு மரத்தில் செய்த சாப்பாட்டு மேஜையின் மரத்தில் குறையே இல்லை. ஆனால் மேலே கண்ணாடி மாதிரி பியூ (பாலியூரித்தேன்) பூச்சு. சீக்கிரம் கறை படியாது, சரி. ஆழமாக ஒரு கீறல் விழுந்தபோது, மேல்பலகை முழுவதையும் தேய்த்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டியதாயிற்று. பழைய மேஜையில் இருப்பது அரக்கு பாலிஷ். சூடான பாத்திரம் வைத்தால் உடனே வெள்ளை வளையம் விழும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அரக்கு ஸ்பிரிட்டில் கரைவது. அந்த இடத்தில் மட்டும் புது அரக்கைத் துணியால் ஒற்றி எடுத்தால் புதுப் பூச்சு பழையதோடு கலந்துவிடும். அரைமணி நேர வேலை.

மூட்டும் அப்படித்தான். பழைய நாற்காலி ஆடத் தொடங்கியதும் ஆசாரி முளையைத் தட்டி எடுத்து, வச்சிரத்தை (அந்தக் காலத்துத் தோல் பசை) வெந்நீர் ஒத்தடத்தில் இளக்கி, மூட்டைக் கழற்றி மறுபடி ஒட்டிக் கொடுத்தார். இந்தக் காலத்துப் பசை போட்ட மூட்டைப் பிரித்தால் மரமே பிளக்கிறது. பழைய சாமானின் மரம், இந்தப் பக்கத்துக்காரர்கள் பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் (வியாபாரத்துக்குப்) போன காலத்தில் வந்த தேக்கு என்று கடையில் சொன்னார்கள். அது எப்படியோ, வைரம் பாய்ந்த மரம் என்பது கையில் தூக்கும்போதே தெரிகிறது.

வாங்கும்போது இழுப்பறையை வெளியே எடுத்து அடிப்பக்கம் பாருங்கள். நூறு வருடப் பழசு என்பார்கள், உள்ளே ஸ்டார் திருகு (தலையில் கூட்டல்குறி வெட்டு உள்ள புதுக்காலத் திருகு) இருக்கும். அப்படியானால் பிற்பாடு யாரோ கை வைத்திருக்கிறார்கள். கீல் இருந்த குழியை அடைத்த தடம் தெரிந்தால் அது கதவாக இருந்த மரம். காலடியில் மாவு போல் தூள் கொட்டியிருந்தால் மரத்தைத் துளைக்கிற உளு இன்னும் உயிரோடு இருக்கலாம். மரத்தின் வெளுத்த பகுதியில்தான் முதலில் இறங்கும்.

திரும்ப விற்றால் என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களுக்கு நான் சரியான ஆள் இல்லை. இதுவரை எதையும் விற்கவில்லை.

கட்டில் மட்டும் யோசித்து வாங்குங்கள். பழைய கட்டிலின் அளவுக்குக் கடை மெத்தை பொருந்தாது. நாங்கள் இலவம்பஞ்சில் அளவு கொடுத்துத் தைத்துக்கொண்டோம்.