சாவேஸா, கனேலோவா: மெக்சிகோவின் முதலிடம் யாருக்கு?

மெக்சிகோவின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரர் யார் என்ற விவாதம் இன்று பெரும்பாலும் ஹூலியோ சேசர் சாவேஸ், சவுல் ‘கனேலோ’ ஆல்வரெஸ் ஆகிய இருவரிடமே வந்து நிற்கிறது. 1982இல், 23 வயதில், கார் விபத்தில் உயிரிழந்த சால்வடோர் சான்செஸ் இன்னும் பத்தாண்டுகள் ஆடியிருந்தால் இப்போட்டியே வேறு விதமாக அமைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பட்டங்களை மட்டும் கணக்கிட்டால் கனேலோவின் கையே ஓங்கியிருக்கிறது. சாவேஸ் மூன்று எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வென்றார். கனேலோ நான்கில் வென்றதோடு, 2021 நவம்பரில் கேலப் பிளான்ட்டை 11ஆம் சுற்றில் வீழ்த்தி, சூப்பர் மிடில்வெயிட் பிரிவில் நான்கு உலகக் குத்துச்சண்டை அமைப்புகளின் பட்டங்களையும் ஒருசேரக் கைக்கொண்ட முதல் வீரரானார். மேவெதர், கொலோவ்கின், பிவோல், கிராஃபோர்ட் எனத் தம் காலத்தின் கடினமான எதிராளிகளை அவர் எதிர்கொண்டதும், அவர்களில் மூவரிடம் தோற்றதும் அவருடைய பெருமையைக் குறைக்கவில்லை. சாவேஸ் தம் முதல் 90 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காதது வியப்பூட்டும் சாதனைதான் என்றாலும், தொடக்க ஆண்டுகளில் அவருடன் மோதியவர்களில் பலர் அந்தத் தரத்தினர் அல்லர்.

ஆயினும் களத்தில் வெளிப்பட்ட ஆளுமையை அளந்தால் என் தீர்ப்பு சாவேஸின் பக்கமே சாய்கிறது. 1990 மார்ச் 17 அன்று லாஸ் வேகாஸில் மெல்ட்ரிக் டெய்லருடன் நடந்த போட்டியே அதற்குச் சான்று. கை வேகத்தில் முந்திய டெய்லர், மூன்று நடுவர்களில் இருவரின் மதிப்பெண்களில் வெகுவாக முன்னிலை பெற்றிருந்தார். ஆனால் சுற்றுக்குச் சுற்று நெருங்கிச் சென்று சாவேஸ் இறக்கிய குத்துகள், டெய்லரின் முகத்தை வீங்கவைத்து, கால்களின் வலுவை உறிஞ்சிவிட்டன. 12ஆம் சுற்றின் இறுதியில் விழுந்து எழுந்த டெய்லர், கள நடுவர் ரிச்சர்ட் ஸ்டீலின் கேள்விக்குப் பதில் சொல்லாததால், இரண்டே வினாடிகள் எஞ்சியிருக்கையில் ஆட்டம் நிறுத்தப்பட்டது. அந்த முடிவு சரியா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. டெய்லர் அதன்பின் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. தோல்வி உறுதியாகத் தெரிந்த நிலையிலிருந்து இப்படி ஒரு போட்டியைக் கனேலோ மீட்டதில்லை.

கறைகள் இருவருக்கும் உண்டு. 1993இல் பெர்னல் விட்டேக்கருடன் சாவேஸ் பெற்ற சமநிலையும், 2017இல் கொலோவ்கினுடன் கனேலோ பெற்ற சமநிலையும் எதிராளிகளுக்கு இழைக்கப்பட்ட அநீதியாகவே பலராலும் கருதப்படுகின்றன. தடைசெய்யப்பட்ட ‘கிளென்பியூட்டரால்’ என்னும் மருந்து 2018இல் கனேலோவின் உடலில் கண்டறியப்பட்டது. அசுத்தமான இறைச்சியே காரணம் என்று அவர் தரப்பு விளக்கியும், ஆறு மாதத் தடை விதிக்கப்பட்டது.

மக்களிடம் பெற்ற இடத்திலும் வேறுபாடு தெளிவாகவே தெரிகிறது. 2023இல் கனேலோ சொந்த ஊரான குவாதலஹாராவில் ஜான் ரைடரை வென்றபோது அரங்கு நிரம்பியது உண்மையே. ஆனால் 1993 பிப்ரவரியில் கிரெக் ஹௌகனைச் சாவேஸ் தோற்கடித்ததைக் காண அஸ்டெகா மைதானத்தில் திரண்டவர்கள் 1,30,000க்கும் அதிகம்.