ஆமைப் பெட்டிக்குள் எதைப் பரப்பலாம்: மணலா, மண்ணா, தென்னை நார்த்தூளா?

எங்கள் வீட்டு ஆமை ஹார்ஸ்ஃபீல்டு இனம். கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் பக்கத்து வறண்ட புல்வெளிகளில் வளை தோண்டி வாழ்வது. 1968 செப்டம்பரில் சோவியத்தின் ஸோண்ட் 5 விண்கலத்தில் ஏறி நிலாவைச் சுற்றி வந்தவையும் இந்த இனம்தான். நாங்கள் இருக்கும் லண்டனில் இதை வளர்க்கலாம். ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நட்சத்திர ஆமையைத் தேடிப் போய்விடாதீர்கள். இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம்.

முதலில் நான் ஏமாந்தது மணலில். "வறண்ட ஊர்ப் பிராணிதானே" என்று கடையில் ஒரு பை கால்சியம் மணலைக் கொடுத்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஈரக் கீரையில் மணல் ஒட்டும், ஆமை அதோடு சேர்த்தே விழுங்கும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. போதாததற்கு, சுண்ணாம்புச் சத்துக்காக ஆமை இதை வேண்டுமென்றே தின்பதும் உண்டாம். மூன்றாவது வாரம் சாப்பாட்டை நிறுத்திவிட்டது. டாக்டர் காட்டிய எக்ஸ்ரேயில் குடல் நெடுக வெள்ளைத் திட்டு. தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைத்து, பத்து நாளில் ஒருவழியாக மணல் வெளியே வந்தது. வெறும் மணல், எந்தப் பெயரில் விற்றாலும், வேண்டாம்.

மரச்சீவலும் அப்படித்தான். தேவதாரு, பைன் சீவல்களின் வாசனை நமக்குப் பிடிக்கும். அந்த எண்ணெய் ஆவி ஆமையின் நுரையீரலுக்கு ஆகாது. முயல் தீவன உருண்டைகள் தண்ணீர் பட்டால் ஊதிப் பூஞ்சை பிடிக்கும். செய்தித்தாள் நோயாளி ஆமைக்குச் சில நாள் சரி, மலத்தைப் பார்க்க வசதி. ஆனால் கால் வழுக்கும், தோண்ட ஒன்றும் இருக்காது. மரப்பட்டைத் துண்டுகள் மழைக்காட்டுச் செங்கால் ஆமைக்குப் பொருத்தம். எங்கள் ஆள் தோண்டினால் குழி நிற்பதில்லை.

மிச்சம் இரண்டுதான்: தென்னை நார்த்தூளும் மண்ணும். நார்த்தூள் கட்டி, பொள்ளாச்சிப் பக்கத்துச் சரக்காகக்கூட இருக்கலாம், செங்கல் அளவுதான் இருக்கும். வெந்நீர் ஊற்றினால் ஒரு வாளி அளவுக்கு உப்பி எழும். ஈரத்தை அருமையாகப் பிடித்து வைக்கும். காய்ந்தால்தான் வினை: தூசியாகிக் கண்ணிலும் மூக்கிலும் அப்பும், வளையும் சரியும். வாங்கும்போது உப்பு நீக்கிக் கழுவியதா என்று பாருங்கள். மண்ணில் வளை நிற்கும், நகமும் தேயும். ஆனால் பெட்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். பூந்தொட்டிக் கலவையை மண் என்று நினைத்து வாங்கிவிடக் கூடாது. அதில் உரமும் வெள்ளை பெர்லைட் மணிகளும் கிடக்கும், ஆமை கொத்தித் தின்னும்.

நான் இப்போது போடுவது உரம் சேர்க்காத வெறும் மேல்மண் இரண்டு பங்கு, நார்த்தூள் ஒரு பங்கு. ஆழம் குறைந்தது 15 செ.மீ. கையில் அள்ளிப் பிழிந்தால் உருண்டை பிடிக்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. மூலையில் தண்ணீர் ஊற்றி அடியை ஈரமாகவும் மேலே காய்ந்தும் வைத்திருக்கிறேன். ஆப்பிரிக்கச் சுல்கட்டா ஆமைக் குஞ்சுகளை வைத்துச் செய்து 2003இல் வெளியான ஆய்வில், ஓடு கூம்பு கூம்பாகப் புடைக்கப் புரதத்தைவிடக் காற்றின் வறட்சியே பெரிய காரணம் என்று தெரிந்தது. அதற்காக மேல்பரப்பையும் நனைத்து வைத்தால் வயிற்றுப் பக்க ஓடு அழுகும்.

சாப்பாட்டை மண்ணில் போடுவதில்லை, உடைந்த கூரை ஓடு ஒன்றின் மேல்தான். எச்சத்தைத் தினமும் பொறுக்கிவிட்டு, நான்கு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றுகிறேன். பழைய மண் ரோஜாத் தொட்டிக்குப் போகிறது.