ஏழு இருக்கை, 5,000 லிட்டர் டீசல்: ஐந்து ஆண்டு எஸ்.யூ.வி. அனுபவம்

2020 கடைசியில் ஏழு பேர் அமரும் டீசல் எஸ்.யூ.வி. வாங்கினேன். பி.எஸ்.6 என்ற புகை வரம்பு விதிக்கு உட்பட்ட வண்டி. கோவையில் இதுவரை 60,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இழுவை, இருக்கை, மலைப்பாதையில் பிடிமானம் எதிலும் குறையில்லை. நான் எழுத வந்தது வேறு கணக்கு.

நிரப்பிய டீசலை முதல் நாளிலிருந்தே நோட்டில் குறித்துவருகிறேன். லிட்டருக்குச் சராசரியாக 12 கிலோமீட்டர். மொத்தம் 5,000 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். டீசலே ஒரு கிலோ எடை இருக்காதே என்று எனக்கும் குழப்பம்தான். அதிலுள்ள கார்பன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் ஏறும் எடை அது. ஆக, 13.5 டன். இரண்டு டன்னைத் தொடாத வண்டி தன் எடையைப் போல் ஏழு மடங்கு வாயுவை விட்டிருக்கிறது. புகைச் சான்றிதழ் ஒருமுறைகூடத் தவறியதில்லை. டீசல் வண்டியில் அந்தச் சோதனை பார்ப்பது புகையின் அடர்த்தியை மட்டும்தான்.

மூன்றாம் ஆண்டு, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. டி.பி.எஃப். எனப்படும் கரித்துகள் வடிகட்டி அடைத்துக்கொண்டிருந்தது. "தினமும் எவ்வளவு தூரம் சார் ஓட்டுகிறீர்கள்?" என்றார் மெக்கானிக். மகளைப் பள்ளியில் விட்டுவர, போக நான்கு, வர நான்கு. "அதற்குள் சைலன்சர் சூடேறவே ஏறாது. பைபாஸில் அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டிவிட்டு வாருங்கள்." சேர்ந்த கரியை எரிக்கும் அளவுக்குச் சூடு வர, இஞ்சின் கூடுதல் டீசலைச் செலுத்துமாம். அன்று மாலை நீலம்பூர் பைபாஸில் ஆறு இருக்கைகளும் காலியாக, போக வேண்டிய இடம் எதுவும் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

அன்றிரவு நோட்டைப் புரட்டினேன். ஏழு பேரும் ஏறிப் போன பயணங்கள் அதுவரை ஆறுதான். ஐந்தாண்டு முடிந்த இப்போதும் பதினொன்றைத் தாண்டவில்லை. பழனி, ஊட்டி, இரண்டு கல்யாணம் என்று இப்படித்தான். அந்தப் பயணங்களில் ஆளுக்கு ஆகும் டீசல் ஒரு சிறிய காரில் இருவர் போவதைவிடக் குறைவு. நிறைந்து ஓடும் பெரிய வண்டியை நான் குறை சொல்லவே மாட்டேன்.

டயரையும் சொல்ல வேண்டும். புதிதில் 8 மில்லிமீட்டர் ஆழமிருந்த டயர் பள்ளம் 45,000 கிலோமீட்டரில் 2 ஆகிவிட்டது. தேய்ந்த ரப்பர் தூளாகிச் சாலையோரத்துக்கும், மழையில் குளத்துக்கும்தான் போயிருக்கும். வண்டி கனக்கக் கனக்கத் தேய்மானமும் கூடும்.

இப்போது மகள் பஸ்ஸில் போகிறாள். வாங்க நினைப்பவர்கள், வீட்டில் ஏழு பேர் மாதத்தில் எத்தனை நாள் சேர்ந்து கிளம்புகிறீர்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு, மூன்று முறை என்றால் வாடகை வண்டி போதும். போன மாதம் என் நோட்டில் ஒரே ஒரு வரிதான்: 38 லிட்டர், பழனி, ஏழு பேர்.