பியர் பிரிட்ஜோ, அலுமாரியோ? இரண்டு வருசப் பாவனைக்குப் பிறகு

"அந்தக் கண்ணாடிக் கதவு பியர் பிரிட்ஜ் விலை இறங்கியிருக்காம், வாங்கட்டோ?" எண்டு போன கிழமை கூட்டாளி ஒருத்தன் மெசேஜ் போட்டிருந்தான். அவன் கேட்ட நேரம் சரியில்லை. அதே பிரிட்ஜின்ர பின்பக்க ஃபேனைக் கழட்டி ஒரு சொப்பிங் பையில போட்டுக்கொண்டு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில கடை கடையா ஏறி இறங்கிக்கொண்டிருந்தன் அப்ப. வாங்கி இரண்டு வருசம் தாண்டிட்டுது. இது மூண்டாவது ஃபேன்.

எத்தினை போத்தல் கொள்ளும், எத்தினை தட்டு எண்டதெல்லாம் விளம்பரத்திலயே கிடக்கு. அதில இல்லாததைச் சொல்லுறன். இதைப் பிரிட்ஜ் எண்டு விக்கிறதே பிழை. உள்ளுக்குக் கொம்பிரசரும் இல்லை, காஸும் இல்லை. தீப்பெட்டி அளவில ஒரு பெல்ற்றியர் தகடு இருக்கு, அவ்வளவுதான். கரண்ட் ஓடினால் அதின்ர ஒரு பக்கம் குளிரும், மற்றப் பக்கம் கொதிக்கும். கொதிக்கிற பக்கத்தை ஃபேன் விடாமல் ஊதி ஆத்தவேணும். ஃபேன் களைச்சுதோ, சூடு திரும்பி உள்ளுக்கு வந்திடும். நான் இருக்கிறது வெள்ளவத்தையில, கடலுக்குக் கிட்ட. உப்புக் காத்து யன்னல் கம்பியையே விடுறேல்லை, இந்தச் சின்ன ஃபேனை விடுமோ?

பெட்டியில கொட்டை எழுத்தில "5 பாகை" எண்டு போட்டிருந்தது. உள்ள இருந்த புத்தகத்தின்ர கடைசிப் பக்கத்தில, எறும்பு எழுத்தில, அறை வெப்பத்திலயிருந்து 20 பாகைதான் இறங்கும் எண்டும் இருந்தது. சித்திரை மாசத்துப் பின்னேரம் என்ர அறை 32. கழிச்சுப் பாருங்கோ. ஏசியை 24இல போட்டால் மட்டும் இது உண்மையான பிரிட்ஜ் மாதிரி வேலை செய்யும். பியருக்கு ஏசி போட்ட முதல் ஆள் நானாத்தான் இருப்பன்.

2023 செப்ரெம்பர் 17ஐ என்னால மறக்கேலாது. கொழும்பு பிரேமதாச மைதானத்தில இந்தியாவோட ஆசியக் கிண்ண ஃபைனல். சித்தப்பாவும் வந்திருந்தார். தோனி வந்த காலத்திலயிருந்து அவருக்கு இந்தியாதான். நான் முரளியைப் பாத்து வளந்தவன், எனக்கு இலங்கை. வீட்டில இந்தச் சண்டை எப்பவும் இருக்கிறதுதான். மத்தியானம் ஒரு டசின் லாகரை (நல்லாக் குளிர வச்சுக் குடிக்கிற வழமையான மஞ்சள் பியர்) அடுக்கி வச்சன். மழையால மட்ச் பிந்தித் துவங்கினது, நல்லதுதான், பியர் குளிரட்டும் எண்டு நினைச்சன். சிராஜ் தன்ர இரண்டாவது ஓவரிலயே நாலு விக்கெட்டைப் புடுங்கினார். நாங்கள் 50க்கு ஓல் அவுட், 15.2 ஓவர். அவங்கள் அடிச்சு முடிக்க 6.1 ஓவர். மொத்தம் 129 பந்து. மட்ச் முடிஞ்சு கிண்ணம் குடுக்கேக்கயும் போத்தல் குளிரேல்லை. சித்தப்பா ஒண்டைக் கையில எடுத்து, கன்னத்தில வச்சுப் பாத்துவிட்டு, "தம்பி, இது பிரிட்ஜோ, அலுமாரியோ?" எண்டார். பிறகு குசினிக்குப் போய் ஐஸ் கட்டியை எடுத்து லாகருக்குள்ள போட்டார். வெண்ட ஆள் எதையும் செய்யலாம்.

அடுத்த நாளே வித்துத் தள்ளியிருப்பன். விக்காமல் விட்டது ஸ்காபரோ மச்சானால. கனடாவில சின்னச் சின்ன புரூவரிகள் செய்யிற ஐபிஏ (கசப்புக் கூடின பியர்) ரின்னும் ஸ்டவுட்டும் (கறுப்புப் பியர்) பெட்டிக்குள்ள உடுப்பால சுத்திக் கொண்டு வந்தவன். ஸ்டவுட்டைத் தூக்கிப் பெரிய பிரிட்ஜில வைக்கப் போனன், அவன் கையைப் பிடிச்சான். 4 பாகையில நாக்கு விறைச்சுப் போகுமாம், பியர் மணமும் அடங்கிப் போகுமாம். லாகருக்குத்தான் அந்தக் குளிர், கனமான ஸ்டவுட்டுக்கு 10க்கும் 13க்கும் இடையில. என்ர உதவாக்கரைப் பெட்டி காட்டினது 12!

மச்சான் போன பிறகு எங்கட இலங்கை லயன் ஸ்டவுட்டை அதுக்குள்ள வச்சுப் பாத்தன். லயன், மச்சான் கொண்டு வந்தது மாதிரிச் சின்ன புரூவரிக் கிராஃப்ட் பியர் இல்லை, பெரிய கொம்பனிச் சாமான், அது தெரியும். எண்டாலும் மைக்கல் ஜாக்சன் (பாட்டுக்காரர் இல்லை, இங்கிலாந்தில பியரைப் பற்றி எழுதினவர்) புகழ்ந்த ஸ்டவுட் இது. அல்ககோல் 8.8 வீதம். இருவது வருசமா இதை ஐஸ் மாதிரிக் குடிச்சு, "கசக்குது" எண்டு முகம் சுளிச்ச எனக்கு, அண்டைக்குத்தான் அதுக்குள்ள வறுத்த கோப்பியும் கருப்பட்டியும் இருக்கிறது விளங்கினது. கிளாஸ் கையில இருந்து சூடேற ஏற ருசி மாறிக்கொண்டே போகும். கச்சான் கொட்டையோட இன்னும் நல்லம்.

2024 ஓகஸ்ட் 4. திரும்பவும் இந்தியாவோட, ஒருநாள் தொடரின்ர இரண்டாவது மட்ச். அவங்கள் 241 எடுக்கவேணும், விக்கெட் போகாமல் 97. சித்தப்பா கால் மேல கால். நான் துக்கத்தில ஒரு ஸ்டவுட்டைத் திறந்தன். ஹசரங்கவுக்குக் காயம் எண்டு வந்த வாண்டர்சே, ரோகித்தில துவங்கி முதல் ஆறு விக்கெட்டையும் தானே எடுத்தார். 33க்கு ஆறு. அந்த ஒரு போத்தலை ஆறு விக்கெட்டுக்கும் இழுத்துக் குடிச்சன், லாகர் எண்டால் வெந்நீராப் போயிருக்கும். மூண்டு நாள் கழிச்சு வெல்லாலகே அஞ்சு விக்கெட், அவங்கள் 138. 1997க்குப் பிறகு இந்தியாவோட வெண்ட முதல் ஒருநாள் தொடர். சித்தப்பா கன நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு தன்ர ஐஸ் கிளாஸைத் தள்ளி வச்சிட்டு, "அந்தக் கறுப்பில கொஞ்சம் ஊத்து" எண்டார்.

இவ்வளவு சொன்னதுக்காக மற்றதை மறைக்கேலாது. சாமான் 65 வாற் இழுக்குது, குளிர்ந்தாலும் நிக்காது, இரவு பகல் ஓடும். மாசம் 47 யூனிட். கரண்ட் பில் அடுத்த படிக்கு ஏறினதை அம்மா கண்டுபிடிச்ச நாளில வீட்டில ஸ்டவுட்டைப் பற்றிக் கதைக்கேலாது. கொழும்புப் புழுக்கத்துக்கு உள்ள தண்ணி வடிஞ்சு அடித்தட்டில நிக்கும், லேபல் எல்லாம் உரிஞ்சு வரும், கீழ ஒரு பழைய துவாய் போட்டிருக்கிறன். பின்னேர வெயில் கடல் பக்கத்திலயிருந்து நேரே கண்ணாடிக் கதவில விழும். கபிலப் போத்தல் தாங்கும். பச்சைப் போத்தல் ஒண்டு ரெண்டு நாளில எரிஞ்ச றப்பர் மணம் மணத்தது. வெளிச்சம் பட்டால் ஹொப்ஸ் (பியருக்குக் கசப்பும் மணமும் குடுக்கிற பூ) பழுதாகும். அதுக்கு என்ர பழைய நீல ஜேர்சியைக் கதவில திரையாத் தொங்கவிட்டிருக்கிறன். உள்ளுக்குள்ள எரியிற லைட் ரீவியில அடிக்கிறதும் அதோட நிண்டது. அந்த லைட்டை நூக்கிறதுக்கு ஒரு சுவிட்ச் வைக்க அவங்களுக்கு என்ன வருத்தமோ தெரியாது.

கூட்டாளிக்கு எழுதின பதில் இதுதான்: வாங்காதை. போயாவுக்கு (பௌர்ணமி, அண்டைக்கு மதுக்கடை பூட்டு) முதல் நாள் லாகர் வாங்கி அடுக்கிற ஆள் நீ, உனக்கு கொம்பிரசர் பிரிட்ஜ்தான் சரி, இந்தப் பெட்டிக்கு அஞ்சுக்கு ரெண்டு புள்ளியும் கூட. அனுப்பிப்போட்டு ஃபேனைப் பூட்டினன். கடைக்காரர் ஒண்டு வாங்கினால் போதும் எண்டவர், நான் ரெண்டு வாங்கினன்.