மணப்பாட்டில் இரண்டு லைப் ஜாக்கெட்

இந்த முறை ஊருக்கு வந்தபோது ரயில் நேரத்துக்கு வந்தது, பாளையங்கோட்டை வீட்டில் கரண்ட் போகவில்லை, பேங்க் வேலைகூட அரை மணியில் முடிந்தது. அதையெல்லாம் விடுங்கள். நான் சொல்ல வந்தது லைப் ஜாக்கெட் கதை.

நார்வேயில், ஸ்டவாங்கரில், சின்னதாக ஒரு படகு வைத்திருக்கிறேன். கோடையில் மகளைக் கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு கரையோர ஊருக்குப் போவோம். படகைக் கட்டிவிட்டு காபி குடித்து, பழைய தேவாலயம் ஒன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவோம். போன வருடம் அவள்தான் கேட்டாள், "உங்க ஊர்லயும் கடல் இருக்கே, அங்க மட்டும் ஏன் எப்பவும் கார்?" எனக்குப் பதில் இல்லை. தூத்துக்குடி மாவட்டக் கரையில் மணப்பாடு, குலசை என்கிற குலசேகரன்பட்டினம், திருச்செந்தூர், காயல்பட்டினம், புன்னைக்காயல் என்று முப்பது கிலோமீட்டர் சொச்சத்துக்குள் அத்தனை ஊர். நான் எல்லாவற்றையும் பார்த்தது கட்டபொம்மன் பெயரில் ஓடிய அரசு பஸ்ஸின் ஜன்னல் கம்பி வழியாக, ஆச்சி மடியில் உட்கார்ந்து.

சரி, இந்த ஜூலையில் ஒரு வள்ளத்தை வாடகைக்குப் பிடித்து மணப்பாட்டிலிருந்து புன்னைக்காயல் வரை கடல் வழியாகவே போய்விடுவது என்று முடிவு. கூடப் படித்தவன் ஒருவன் மணப்பாட்டில் ஓர் அண்ணாச்சியைச் சொன்னான். அறுபது வயதிருக்கும். "வாரதுக்கு ஒண்ணுமில்ல தம்பி. ஆனா இது தொழில் வள்ளம். வெளியாள ஏத்தணும்னா ஒரு வார்த்த கேட்டுட்டு வந்திருங்க" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு வெள்ளிக்கிழமை முழுதாகப் போனது. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. பத்து மணிக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கேட்டார், "சுற்றுலாப் படகா, மீன்பிடிப் படகா?" மீன்பிடிப் படகு என்றேன். "அப்ப நீங்க மீன் பிடிக்கப் போறீங்களா?" இல்லை என்றேன். "அப்ப சுற்றுலா. அதுக்கு இந்தப் படகு பதிவு இல்லையே." சரி, சுற்றுலாப் படகு எங்கே கிடைக்கும் என்றால், "இங்க அப்படி ஒண்ணும் இல்ல சார்."

நார்வேயில் 1980-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவன் கொஞ்சம் பெரிய படகு ஓட்டவேண்டுமானால் பரீட்சை எழுதி அட்டை வாங்கவேண்டும். என் பர்ஸில் அது இருந்தது. ஏதோ நப்பாசையில் எடுத்து நீட்டினேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பக்கத்து மேசைக்காரரிடமும் காட்டினார். "போட்டோ நல்லா இருக்கு" என்று திருப்பித் தந்தார். அப்புறம் ஒரு மனு எழுதச் சொன்னார். எழுதினேன். ஜெராக்ஸ் வேண்டுமாம். கடையில் மெஷின் சூடாகிவிட்டது என்று உட்காரவைத்தார்கள். திரும்பி வந்தால் சாப்பாட்டு நேரம். மூன்றரை மணிக்கு மனுவை மடித்து என்னிடமே கொடுத்து, "கரையோரமா போய்ட்டு வாங்க. லைப் ஜாக்கெட் கண்டிப்பா போடணும். நான் ஒண்ணும் சொல்லல" என்றார். இதைக் காலையிலேயே சொல்லாமல் இருந்திருக்கலாம்!

ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் தொழிலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து அண்ணாச்சி கரைக்கு வந்தார். ஜாக்கெட் எங்கே என்றேன். வள்ளத்துக்குள் கையைக் காட்டினார். மூடி இறுக்கிய இரண்டு வெள்ளை கேன், நடுவே நைலான் கயிறு. "இதப் புடிச்சுக்கிட்டா மூணு நாள் மிதக்கலாம் தம்பி." மகள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு மீட்டருக்குக் குறைந்த படகு ஓடும்போது ஜாக்கெட் போடாவிட்டால் அபராதம் கட்டும் நாட்டில் வளர்ந்த பிள்ளை, கேனைக் கட்டிப்பிடிக்குமா? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அப்போது அண்ணாச்சியின் வீட்டம்மா வந்தார். சமாசாரத்தைக் கேட்டதும் ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போய், பரணிலிருந்து ஒரு சாக்கை இறக்கி எடுத்துவந்தார். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் இரண்டு ஜாக்கெட். பிளாஸ்டிக் கவரே பிரிக்கவில்லை. எப்போதோ சும்மா கொடுத்ததாம். லேசாகக் கருவாட்டு வாசம். மகள் பக்கிளை இழுத்துப் பார்த்து, விசிலை ஊதிப் பார்த்து, "இது ஓகே" என்றாள். "போட்டா அழுக்காயிரும்லா, அதான் எடுத்து வச்சிருந்தேன்" என்றார் அம்மா.

பயணம் நன்றாகவே இருந்தது, அதில் சொல்ல அதிகமில்லை. 1581-இல் எழுந்த திருச்சிலுவைக் கோவிலும் கலங்கரை விளக்கமும் மணப்பாட்டின் மணல் மேட்டில் நிற்பதைக் கடலிலிருந்து பார்த்தால்தான், 1542-இல் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தபோது கண்ணில் பட்ட மேடு இதுதான் என்று உறைக்கிறது. குலசைப் பக்கம் ராக்கெட் தளத்துக்கு வேலை நடக்கிறது, அங்கே ஒதுங்கியே போனோம். திருச்செந்தூரில் கோபுரம் மேற்கே இருப்பதால், கடலிலிருந்து கோயிலின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதுபோல் தெரிந்தது.

அதற்கு மேல் கச்சான் விடவில்லை. கரையிலிருந்து வெளியே தள்ளும் காற்று அது. "இனிமே போனா திரும்ப முடியாது" என்று அண்ணாச்சி வள்ளத்தைத் திருப்பிவிட்டார். காயலும் புன்னைக்காயலும் மறுநாள் வழக்கம்போல் காரில்தான். தாமிரபரணி மண் கொண்டுவந்து கொட்டக் கொட்ட, கடல் கொற்கையை விட்டு விலகி, துறைமுகம் பழையகாயலுக்கும் பிறகு புன்னைக்காயலுக்கும் போன கதையை முகத்துவாரத்தில் நின்று சொன்னேன். மகள் கேட்டது ஒன்றுதான், "இங்க படகைக் கட்ட இடம் எங்கப்பா?" கப்பல் கப்பலாக முத்து ஏறி, குதிரை இறங்கிய கரையில் வெளியூர்க்காரன் ஒருவன் படகைக் கட்ட ஒரு கட்டை இல்லை.

மணப்பாட்டில் இறங்கியதைச் சொல்லவில்லையே. 3,500 ரூபாய் பேசியிருந்தோம், 4,000 கொடுத்தேன். அம்மா இரண்டு ஜாக்கெட்டையும் நல்ல தண்ணீரில் அலசிக் கொடியில் காயப்போட்டார். "நாளைக்குத் தொழிலுக்குப் போகையில இதப் போட்டுக்கிட்டுப் போங்க அண்ணாச்சி" என்றேன். அவர் ஒன்றை எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தார்.

"அதுல கை வைக்காதிய" என்றார் அம்மா. "பாப்பா அடுத்த வருசம் வரும்லா."

கவரை மடித்து ஏற்கெனவே இடுப்பில் செருகியிருந்தார்.