4கே டிஸ்க் பிளேயரா, பிஎஸ்5-ஆ? வேலூர் கரண்டுக்கும் தூசிக்கும் எது தாங்கும்

4கே டிஸ்க் பிளேயர், அதாவது 4கே படம் பதிந்த ப்ளூ-ரே டிஸ்க்கை ஓட்டும் பெட்டி, செய்வதை ஓப்போ 2018-லேயே நிறுத்தியது. 2019-ல் சாம்சங், 2024-ல் எல்ஜி. 4கே டிஸ்க் பிளேயரில் பெரிய பெயர்கள் என்று மிச்சமிருப்பது சோனியும் பேனசானிக்கும்தான். அதனால்தான் பலரும் "பேசாம பிஎஸ்5 வாங்கிடலாமே" என்று சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் பெட்டியைச் சுட்டிக் கேட்கிறார்கள். வீட்டில் கேம் ஆடுகிற பிள்ளை இருந்தால் அதையே வாங்கிவிடுங்கள், இந்த அலசல் தேவையில்லை. படம் மட்டும்தான் என்றால் என் ஓட்டு சோனி யூபிபி-எக்ஸ்700 பிளேயருக்கு.

படத் தரத்தை வைத்து இந்த வழக்கு தீராது. எச்டிஆர்10 (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் காட்டும் எச்டிஆர் முறைகளில் பொதுவானது) டிஸ்க் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் தெரியும். பிஎஸ்5-ல் டிஸ்க்குக்கு டால்பி விஷன் என்ற இன்னொரு எச்டிஆர் முறை இல்லை, 3டி டிஸ்க் ஓடாது, ஆடியோ சிடியும் பாடாது. அலமாரி நிறைய இளையராஜா சிடி வைத்திருப்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

வழக்கைத் தீர்ப்பது பராமரிப்பு. நம்ம ஊரில் எந்தப் பெட்டியானாலும் முதலில் சாவது பவர் சப்ளை, அடுத்தது லென்ஸ். மாதாந்திரப் பராமரிப்புக்காக நிறுத்திய கரண்ட் சாயங்காலம் திரும்பி வரும் அந்த நொடியில்தான் அடி விழும். எக்ஸ்700-க்கு உள்ளே பவர் சப்ளை கிடையாது. வெளியே ஒரு 12 வோல்ட் அடாப்டர், அவ்வளவுதான். பெரும்பாலும் அடியை வாங்கிக்கொண்டு அடாப்டர் போகும், பெட்டி பிழைக்கும். அதே வோல்ட், அதே அல்லது கூடுதல் ஆம்பியர், அதே பின் அளவு, பிளஸ் மைனஸ் மாறாமல் பார்த்து வேறொன்று போட்டால் வேலை முடிந்தது. பிஎஸ்5-ல் 350 வாட் சப்ளை பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. போனால் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும். ரெஸ்ட் மோடில், அதாவது முழுதாக அணையாமல் தூங்கும் நிலையில், இருக்கும்போது கரண்ட் போனால் அடுத்த முறை ஸ்டோரேஜைச் சரிபார்க்க உட்கார்ந்துவிடும். இன்வெர்ட்டர் வீட்டில் பேட்டரிக்கும் பாரம். சோனி எக்ஸ்800எம்2, பேனசானிக் யூபி820 இரண்டும் நல்ல பிளேயர்கள்தான். ஆனால் சப்ளை உள்ளேதான். அவற்றை நல்ல ஸ்பைக் கார்டு இல்லாமல் சொருகாதீர்கள்.

லென்ஸ் விஷயத்தில் டிவிடி காலத்துப் பழக்கம் உதவாது. டிவிடியில் தகவல் அடுக்கு 0.6 மி.மீ. ஆழத்தில் இருக்கும், ப்ளூ-ரேயில் 0.1 மி.மீ.தான். லேசர் புள்ளியும் சிறியது. டிவிடி கண்டுகொள்ளாத ஒரு கைரேகை, 100 ஜிபி மூன்றடுக்கு டிஸ்க்கைப் பாதிப் படத்தில் நிறுத்திவிடும். நின்றதும் "லென்ஸ் போச்சு" என்று முடிவு கட்ட வேண்டாம். டிஸ்க்கை டியூப்லைட்டுக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில் துடையுங்கள், வட்டமாக வேண்டாம். அப்புறமும் நின்றால் யூஎஸ்பி வழியாக ஃபர்ம்வேர் (பெட்டிக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட். பிரஷ் வைத்த கிளீனிங் டிஸ்க் வேண்டவே வேண்டாம், சோனி கையேடே அதைத் தடுக்கிறது. வாரன்ட்டி முடிந்து மெக்கானிக் திறந்தால் 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் கேளுங்கள். மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் 70 சதவீதத்தில் மிச்சம் தண்ணீர். லென்ஸில் கறை விடும்.

லென்ஸ் உண்மையிலேயே போனால்? பழைய பிஎஸ்5-ல் டிரைவும் மதர்போர்டும் ஜோடி; வேறு டிரைவ் வாங்கி மாட்டினால் ஏற்காது. 2023-ல் வந்த ஸ்லிம்மில் டிரைவைக் கழற்றி மாற்றலாம், முதல் முறை இணைக்க இன்டர்நெட் வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் பிஎஸ்5 ஸ்லிம், டிஸ்க் பிளேயரை ஜெயிக்கிறது. எக்ஸ்700-க்கு டிரைவ் தேடி ரிச்சி ஸ்ட்ரீட் வரை போக நேரலாம், போனாலும் கிடைக்கும் என்று உத்தரவாதமில்லை.

வளைகுடாவிலிருந்து வருபவரிடம் வாங்கி வரச் சொல்வதானால்: 4கே டிஸ்க்குக்கு ரீஜன் (எந்தப் பகுதியில் ஓடும் என்ற பூட்டு) இல்லை. சாதா ப்ளூ-ரேக்கு இந்தியா சி, அங்கே பி. டிவிடிக்கு இங்கே 5, அங்கே 2. தமிழ்ப் பட டிவிடிகள் பலவும் ரீஜன் பூட்டு இல்லாதவை, தப்பித்துவிடும்.

மாட்டும்போது 18 ஜிபிபிஎஸ் தாங்கும் எச்டிஎம்ஐ கேபிள் போடுங்கள். டிவியில் அந்தப் போர்ட்டுக்கு மட்டும் உயர்தர சிக்னலை ஆன் செய்ய வேண்டும். சாம்சங்கில் அதன் பெயர் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் எச்டிஎம்ஐ டீப் கலர். இதை விட்டால் எச்டிஆர் சரியாக வராமல் போகலாம். எக்ஸ்700 மெனுவில் பிடி (BD) ஆடியோ மிக்ஸை ஆஃப் செய்யுங்கள், ஆனில் இருந்தால் டால்பியின் அட்மாஸ் சுற்றொலி ரிசீவருக்கு (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆம்ப்) போகாது. டால்பி விஷன் வெளியீட்டை அந்த டிஸ்க் போடும்போது மட்டும் ஆன் செய்யுங்கள். மறந்துவிட்டால் எச்டிஆர்10 படமும் டால்பி விஷன் வேஷத்தில் வந்து நிறம் பிசகும். இது எரிச்சல்தான், யூபி820 இதைத் தானே பார்த்துக்கொள்ளும். சாம்சங் டிவியில் டால்பி விஷனே கிடையாது, எச்டிஆர்10 பிளஸ்தான். அது வேண்டுமென்றாலும் யூபி820 பக்கம் போங்கள்.

ரிசீவர் 4கே வராத பழசா? எக்ஸ்700-ல் இரண்டு எச்டிஎம்ஐ உண்டு. முதலாவதை டிவிக்கும், ஆடியோ மட்டும் தரும் இரண்டாவதை ரிசீவருக்கும் கொடுங்கள். சவுண்ட்பாருக்கு டிவியின் ஏஆர்சி (டிவியிலிருந்து ஒலியை எச்டிஎம்ஐ வழியே வெளியே அனுப்பும் வசதி) வழியே போனால் டிடிஎஸ் முறையில் ஒலி பதிந்த டிஸ்க்கில் சத்தமே வராமல் போகலாம், 2018-க்குப் பிந்தைய சாம்சங் டிவிகள் டிடிஎஸ்ஸை விட்டுவிட்டன. சவுண்ட்பாரில் எச்டிஎம்ஐ இன் இருந்தால் பிளேயரை நேரே அதில் சொருகுங்கள்.