வீரர்களுக்கான ஊதியம்: டிக்கெட்டிலா, மாணவர் கட்டணத்திலா?

கல்லூரி விளையாட்டு வீரர்களுக்கான ஊதியம் தொடர்பான ‘ஹவுஸ்’ வழக்கின் உடன்பாட்டை 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றதால், அமெரிக்கக் கல்லூரி ஒவ்வொன்றும் 2025-26இல் ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை தன் விளையாட்டு வீரர், வீராங்கனையருக்கு நேரடியாகவே வழங்க வழி பிறந்தது.

இதற்காக டென்னசி பல்கலைக்கழகம், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய நேலண்ட் அரங்கின் அமெரிக்கக் கால்பந்து டிக்கெட்டுகளில் 10 சதவீதக் கூடுதல் கட்டணத்தைச் சேர்த்தது. ஆட்டத்தை விரும்பி வருபவரே செலுத்துவதால் இது நியாயமானது. ஆனால், இருக்கைகள் நிரம்பாத சிறிய கல்லூரிகளுக்கு இவ்வழி பெரிதும் உதவாது.

கிளெம்சன் பல்கலைக்கழகமோ ஒரு கல்விப் பருவத்துக்கு (செமஸ்டர்) 150 டாலர் விளையாட்டுக் கட்டணத்தை மாணவர்கள்மீது விதித்தது. வருவாய் உறுதி என்றாலும், அரங்கின் வாசலையே மிதிக்காத, கல்விக்கடனில் படிக்கும் மாணவரும் இதைச் செலுத்த வேண்டியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை.